மூன்றாம் மாடி காபோர்னே

"கல்லுல அந்தப் பேரைப் போட்டா எவன் நின்னு பாப்பான்? தபால்காரன் பாப்பான். அவனும் இன்னிக்குக் கடுதாசி இல்லைன்னு போயிடுவான்."

"பாக்கட்டுமே பாச்சி. தபால்காரன் மனுசன் இல்லையா?"

"பிரோஷ்கா, இந்த நாடே தோர்தாய் மெலிட்டா, தோர்தாய் மெலிட்டான்னு உருகின பொம்பளை அவங்க. 'ஹல்மோஷ் காபோர்னே'ன்னு வெட்டி வெச்சா, யாரோ எலும்பு டாக்டரோட பொண்டாட்டின்னு நினைச்சுட்டு நடையைக் கட்டுவாங்க."

"எலும்பு டாக்டரோட பொண்டாட்டிதானே? காபோர் டாக்டர் என்ன, சர்க்கஸ்லயா இருந்தார்?"

இது முற்றத்துக்கும் முதல் மாடிக்கும் இடையே நடந்த சண்டை. ஆனால் மூன்று மாடிக்கும் கேட்டது. பூடாபெஸ்டின் பழைய கட்டடங்கள் எல்லாமே அப்படித்தான். நடுவில் முற்றம், அதைச் சுற்றி மாடிக்கு மாடி நடைபாதை. கீழே ஒருவர் தும்மினால் மேலே நாலு பேர் 'ஆரோக்கியம்' என்று வாழ்த்துவார்கள். பொஜோனி சாலைக்குப் பின்தெருவில் இருக்கும் எங்கள் கட்டடத்தில் தும்மலுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

முற்றத்தில் நின்றவர் திஹமேர் பாச்சி (வயதான ஆண் எங்களுக்குப் பாச்சி, வயதான பெண் நேனி). எழுபது வயது, கழுத்தில் போ டை, ஒருகாலத்தில் சினிமாத் தியேட்டர் மேனேஜர். தோர்தாய் மெலிட்டா ரசிகர் வட்டத்தின் தலைவர். வட்டம் என்று சொன்னாலும், போன இரண்டு குளிர்காலங்களில் உறுப்பினர்கள் வரிசையாகச் செத்துப்போனதில் அது ஒரு புள்ளி அளவுக்கு வந்துவிட்டிருந்தது. மேலே கைப்பிடியில் சாய்ந்து மிதியடியைத் தட்டிக்கொண்டிருந்தவள் பிரோஷ்கா, கட்டட நிர்வாகி. அவள் மிதியடியைத் தட்டிய விதத்தில் தூசி எல்லாம் பாச்சியின் தலைக்கு நேராகத்தான் இறங்கியது. தற்செயல் என்று அவள் சொல்வாள்.

"நேனியையே கேட்டுருவோம்," என்றாள் பிரோஷ்கா. "ஹெர்மினா நேனி, நீங்க சொல்லுங்க. கல்லுல எந்தப் பேரு?"

இரண்டாம் மாடியில் ஜெரானியத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த லக்னர் ஹெர்மினா நிமிர்ந்து பார்த்தாள். எழுபத்தைந்து வயது. கல்லே அவள் பொருட்டுத்தான் வைக்கிறார்கள். 

"எனக்கு எதுன்னாலும் சரி," என்றாள். தொட்டி நிரம்பி வழிந்து கீழே பாச்சியின் காலணியில் சொட்டியது.

பேர் விஷயம் இதுதான். எங்கள் நாட்டில் பெண்ணுக்குக் கல்யாணமானால் கணவனின் முழுப்பெயரை எடுத்து வாலில் ஒரு 'னே' ஒட்டுவார்கள். மனைவி தயார். ஹல்மோஷ் காபோரைக் கட்டிக்கொண்டவள் ஹல்மோஷ் காபோர்னே. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் பிறந்த வீட்டோடு சரி. இந்தக் காலத்துப் பெண்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அந்தக் காலத்தில் வாசல் மணிக்கு மேலே பித்தளைத் தகட்டில் அந்தப் பெயரைப் பார்ப்பதற்கென்றே கல்யாணம் செய்துகொண்டவர்கள் உண்டு.

ஹெர்மினாவின் கதையை எங்கள் கட்டடத்தில் பூனைகூட ஒப்பிக்கும். யுத்தகாலம், நாற்பத்து நாலு நவம்பரில் அவளுடைய அம்மாவை மற்ற யூதப் பெண்களோடு வரிசையில் நிறுத்தி, எல்லைப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனார்கள். அப்பா அதற்கு முந்தைய வருஷமே உக்ரைனில் கட்டாய வேலைக்குப் போன இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஐந்து வயதுப் பிள்ளையை அம்மா மூன்றாம் மாடிக் கதவைத் தட்டி உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, டான்யூப் கரையில் ஆட்களை நிறுத்திச் சுட்டுக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலம் முழுக்க, பிள்ளை அந்த வீட்டுக்குள் இருந்தது. அம்மா அடுத்த கோடையில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். பிள்ளையோடு வெளியூர் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போனாள். போவதற்கு முன் பிள்ளையை மடியில் உட்கார வைத்துச் சொன்னது ஒன்றுதான்: "உன்னைக் காப்பாத்தினது ஹல்மோஷ் காபோர்னே. மறக்காதே."

ஹெர்மினா மறக்கவில்லை. அவளை வளர்க்க வந்த அத்தை கிராமத்துக்காரி, இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவள். அத்தையோடு இங்கே திரும்பி வந்த ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றாம் மாடிக்கு ஏறிப் பார்த்தால், தகட்டில் ஹல்மோஷ் காபோர்னே. கதவைத் திறந்தால் தோர்தாய் மெலிட்டா. உதட்டோரம் சிகரெட்டும் பாதி மூடிய கண்ணுமாகத் திரையில் நின்றால் கல்யாணமான ஆண்கள் தொப்பியைக் கழற்றிய மெலிட்டா. பிள்ளை பூங்கொத்தை நீட்டியது. மெலிட்டா வாங்கிக்கொண்டு தலையைத் தடவினாள். அதன் பிறகு வருஷா வருஷம், காலண்டரில் மெலிட்டா என்ற பெயருக்கான நாளன்று, அவள் சாகும்வரை, ஹெர்மினா பூவோடு படியேறினாள். மெலிட்டா ஒருநாளும் ஆமாம், நான்தான் என்று சொன்னதில்லை. நான் இல்லை என்றும் சொன்னதில்லை. பூ வந்து குவிகிற ஆட்கள் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

அந்த ஒரு வரியை வைத்து ஹெர்மினா பள்ளிக்கூடங்களில் பேசினாள், யூத ஜெபாலயத்தில் பேசினாள், டிவியில் பேசினாள். பிள்ளைகள் கேள்வி கேட்கக் கேட்கக் கதை வளர்ந்தது. பட்டுக் கவுன் எழுபதுகளில் வந்து சேர்ந்தது. அலமாரிக்குப் பின்னால் வரும் சிகரெட் வாசனை ஒரு டிவிக்காரர் கேட்டதிலிருந்து வந்தது. பொய் சொல்லும் எண்ணமெல்லாம் அவளுக்குக் கிடையாது. உண்மையில் அவளுக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒன்றுமே நினைவில்லை, ஒரு கரண்டி, ஒரு சுவர்கூட. மற்றவர்கள் அந்த இடத்தில் எதையாவது வைத்தார்கள். அவளும் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

கல்லுக்கு வருவோம். மெலிட்டாவுக்கு நினைவுக் கல் வேண்டுமென்று பாச்சி இரண்டு தடவை வட்டார மன்றத்தில் கேட்டு, இரண்டு தடவையும் கைவிரித்தார்கள். யுத்தகாலத்தில் அதிகாரிகளுக்காகப் பாடினவளுக்குக் கல்லா என்றார்கள். மூன்றாவது தடவை பாச்சி நடிகை என்ற பேச்சையே எடுக்காமல், யூதக் குழந்தையைக் காப்பாற்றியவள் என்று கேட்டார். கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. துணை மேயர் வருகிறார், யூத மதகுரு ரப்பி வருகிறார், டிவி வருகிறது. ஒத்திகைகூடப் பார்த்தாகிவிட்டது. ஹெர்மினா பேசிக்கொண்டே வந்து 'ஹல்மோஷ் காபோர்னே' என்று சொல்லும் இடத்தில் வயலின் தொடங்க வேண்டும். வயலின் தொடங்கியதும் துணை மேயர் கயிற்றை இழுக்க வேண்டும். 

"பேச்சுல ஹெர்மினா வீட்டுப் பேரைச் சொல்லட்டும், கல்லுல சினிமாப் பேர் இருக்கட்டும். ரெண்டும் ஒரே ஆள்தானே," என்று முடித்தார் பாச்சி. பிரோஷ்கா மிதியடியை உள்ளே எடுத்துப்போனாள். அது செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண்மணி வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, கையில் துணி போர்த்திய ஒரு கூடை. முற்றத்தில் நின்று எல்லா மாடிகளையும் ஒருமுறை பார்த்தாள். எகர் பஸ்ஸில் வந்தவள் என்று பிரோஷ்கா உடனே கண்டுபிடித்துவிட்டாள், எகர் திராட்சைத் தோட்ட ஊர், கூடைத் துணிக்கடியில் திராட்சை தெரிந்தது. இரண்டாம் மாடிக்கு ஏறினாள். பிரோஷ்காவுக்கும் அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடிக் குழாய் மீட்டரைப் பார்க்கும் வேலை வந்துவிட்டது.

"லக்னர் ஹெர்மினாங்களா? நான் ஹல்மோஷ் அதேல். காபோர் டாக்டரோட பொண்ணு."

ஹெர்மினா அவளைச் சமையலறையில் உட்கார வைத்தாள். டாக்டருக்குப் பெண் இருப்பது அவளுக்குத் தெரியாது. மெலிட்டாவுக்குப் பிள்ளை கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும். காபியை அடுப்பில் ஏற்றினாள். உப்பு பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"பேப்பர்ல பாத்தேங்க," என்றாள் அதேல். "கல்லு வைக்கறாங்கன்னு. நான் சண்டைக்கு வரலை. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். அப்பா மெலிட்டாவைக் கட்டினது நாற்பத்தாறுல. அதுக்கு முன்னாடி எங்க அம்மாவைக் கட்டியிருந்தார்."

ஹெர்மினா சர்க்கரைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள்.

"நீங்க அந்த வீட்டுல இருந்தது நாற்பத்து நாலு கடைசி, நாற்பத்தஞ்சு ஆரம்பம். இல்லீங்களா? அப்ப அந்தக் கதவுல இருந்த ஹல்மோஷ் காபோர்னே எங்க அம்மா. போட்னார் ரோஸாலியா."

காபி பொங்கி மேலே வந்தது. ஹெர்மினா எழுந்து காஸை அணைத்தாள். கைப்பிடியைத் துணியால் பிடித்து இரண்டு கோப்பையில் ஊற்றினாள். சிந்தவில்லை. தன் கை சிந்தவில்லையே என்று தானே கவனித்தாள்.

"உங்க அம்மா இருக்காங்களா?"

"போய் இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. அப்பா அவங்களைப் போகச் சொன்னதும் எகருக்கு வந்துட்டோம். துணி தைச்சாங்க. திரும்ப இந்தப் படியில கால் வைக்கமாட்டேன்னுட்டாங்க."

"நான் டிவியில பேசினதைப் பாத்திருக்காங்களா?"

"பாத்தாங்க. நீங்களும் மெலிட்டாவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தீங்க. நீங்க 'ஹல்மோஷ் காபோர்னே'ன்னு சொன்னதும் அம்மா சிரிச்சாங்க. 'பேர் சரிதான், ஆள்தான் மாறிப்போச்சு'ன்னாங்க. அப்புறம் பட்டாணி உரிக்கப் போயிட்டாங்க."

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே."

"நானும் சொன்னேன். 'பொண்ணு நல்லாத்தானே இருக்கா'ன்னாங்க. அவ்வளவுதான்."

கதவுக்கு வெளியே பிரோஷ்கா மீட்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டர் ஓடவில்லை. அவளும் நகரவில்லை.

"நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்டில்லதான் படுத்தோமாம்," என்றாள் அதேல். "எனக்கு ரெண்டு வயசு. யாராவது சோதனைக்கு வந்தா ரெண்டுமே என் பொண்ணுங்கதான்னு அம்மா சொல்லுவாங்களாம். நான் உங்களைக் கடிச்சேனாம், நிறையத் தடவை. கையில ஒரு தழும்பு இருக்கணும்னு அம்மா சொல்லுவாங்க."

ஹெர்மினா ஸ்வெட்டர் கையைச் சுருட்டினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். இடது கை, வலது கை. சுருக்கம் இருந்தது, மச்சம் இருந்தது, தடுப்பூசி வடு இருந்தது. கடித்த தடம் ஒன்றும் இல்லை.

"இல்லை," என்றாள் ஹெர்மினா.

"மறைஞ்சிருக்கும்."

"இருக்கும்."

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா என்று நாக்கால் தேடுவோமே, அப்படி ஹெர்மினா உள்ளே தேடிப் பார்த்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கமாவது வந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் பூவைத் தவறான கதவில் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். யாரோ ஒருத்தி எகரில் துணி தைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தேடின இடமெல்லாம் மரத்துக் கிடந்தது.

"நீங்க ஞாயித்துக்கிழமை என்ன பேசணும்னு நான் சொல்ல வரலைங்க," என்றாள் அதேல் எழுந்து. "தெரிஞ்சிருக்கட்டும்னு வந்தேன்."

"ஒரே கட்டில்ல படுத்திருக்கோம், என்னைக் கடிச்சிருக்கே," என்றாள் ஹெர்மினா. "இன்னும் என்ன 'நீங்க', 'வாங்க'? நான்தானே மூத்தவ. நீன்னே சொல்லு."

எங்கள் ஊரில் நீ என்று கூப்பிட மூத்தவள்தான் அனுமதி தர வேண்டும். தந்தால் கன்னத்தில் முத்தமிட்டு அதை உறுதி செய்வது வழக்கம். இரண்டு பேரும் முத்தமிட்டுக்கொண்டார்கள். கூடையை அதேல் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். பிரோஷ்கா சரியான நேரத்தில் முதல் மாடிக்கு இறங்கிவிட்டிருந்தாள்.

சாயங்காலம் ஹெர்மினா திஹமேர் பாச்சியின் கதவைத் தட்டினாள். உள்ளே நாலு சுவரிலும் மெலிட்டா. தொப்பியோடு, தொப்பி இல்லாமல், குதிரை மேல், டிராம் கண்டக்டர் உடையில். பாச்சி அவள் கையை வாங்கி உதட்டருகே கொண்டுபோனார்.

"கைமுத்தம் ஹெர்மினா. வாங்க. தொண்டைக்கு ஏதாவது மருந்து வேணுமா? ஞாயித்துக்கிழமைக்குக் குரல் முக்கியம்."

"திஹமேர், மெலிட்டா டாக்டரைக் கட்டினது எப்போ?"

இந்தக் கேள்வியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாச்சி சொல்வார். "நாற்பத்தாறு மே மாசம். வெள்ளை லைலாக் பூத்திருந்த நேரம். சாம்பல் சூட், முத்துப் பதிச்ச தொப்பி. வருஷா வருஷம் அன்னிக்கு நாங்க கேக் வெட்டுறோமே, நீங்களும் சாப்பிட்டிருக்கீங்களே."

"சாப்பிட்டிருக்கேன். அப்ப நாற்பத்து நாலுல ஹல்மோஷ் காபோர்னே யாரு?"

பாச்சி விரல்விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். பின்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

யோசித்துப் பாருங்கள். கல்யாண நாளுக்குக் கேக் வெட்டியதும் இவர்கள்தான். குழந்தையைக் காப்பாற்றிய கதையை அந்தக் கேக்கைத் தின்றுகொண்டே பேசியதும் இவர்கள்தான். ஒருவருக்கும் கணக்கு இடிக்கவில்லை. பெயர் ஒன்றாக இருந்தது, அது போதுமாக இருந்தது.

"டாக்டருக்கும் மெலிட்டாவுக்கும் அப்பவே பழக்கம் இருந்தது," என்றார் பாச்சி கடைசியில். 

"பழக்கம் இருந்தா 'னே' ஒட்டிக்குமா?"

"இல்லை."

"அந்தக் குளிர்காலம் மெலிட்டா எங்க இருந்தாங்க?"

பாச்சி சுவரில் இருந்த குதிரையைப் பார்த்தார். "வியன்னாவுல. ஒரு பாட்டு ஒப்பந்தம். நான் சொற்பொழிவு செய்யறப்போ அந்தக் குளிர்காலத்தைத் தாண்டிப் போயிடுவேன். அங்க ஏதாவது கேட்டுருவாங்களோன்னு."

"கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலை."

ஹெர்மினா அதேல் சொன்னதையெல்லாம் சொன்னாள். ரோஸாலியா, எகர், பட்டாணி. பாச்சி இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை, அதுவே அவர் வாழ்வில் முதல் தடவை. பிறகு போ டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஹெர்மினா, கல்லை வெட்டியாச்சு. நீங்க இல்லைன்னுட்டா அது போச்சு. நாலாவது தடவை கேக்க எனக்கு ஆயுசு இல்லை. மெலிட்டா பேரு இந்தப் பசங்களுக்குத் தெரியறதில்லை. மூணாம் மாடியில டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விடறாங்களே, அதுல வர்றவன் அவங்க குளியல் தொட்டியில காலைக் கழுவறான்."

"நான் என்ன பண்ணணும்கறீங்க?"

"எப்பவும் சொல்றதையே சொல்லுங்க. மெலிட்டான்னு சொல்ல வேணாம். உங்கம்மா சொன்ன மாதிரியே ஹல்மோஷ் காபோர்னேன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லையே. அந்தம்மாவுக்கும் அதே பேரு, இவங்களுக்கும் அதே பேரு. கேக்கறவங்க யாரை வேணா நினைச்சுக்கட்டும்."

ஹெர்மினா யோசித்தாள். அது உண்மையிலேயே பொய் இல்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படும். கல் நிற்கும். அதேல்கூடத் தன் அம்மாவின் பெயர் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பக்கமும் ஒழுங்காகப் பொருந்தியது.

"பாக்கறேன்," என்றாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் வழக்கம்போல் இருந்தாள். சீரக சூப் வைத்தாள். திராட்சையைக் கழுவி வைத்தாள், சாப்பிடவில்லை. பிரோஷ்கா நாலு தடவை உப்பு கேட்டு வந்தாள். உப்பு அவள் வீட்டில் மூட்டையாக இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

"நேனி, எனக்குக் காது கொஞ்சம் கேக்கும்," என்றாள் நாலாவது தடவை. "நீங்க எதைச் சொல்லப் போறீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க, எனக்குத் தூக்கம் இல்லை."

"தெரியலை பிரோஷ்கா. எனக்கு அவங்க ரெண்டு பேர் மேலயும் ஒண்ணும் வரலை."

"என்ன வரலை?"

"எதுவும் வரலை."

பிரோஷ்கா உப்பை வாங்காமலே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல குளிர். வாசலில் சின்னக் கூட்டம். ரசிகர் வட்டத்தில் மிச்சமிருந்த பெண்கள் நாப்தலீன் வாசனை வீசும் ரோமக் காலரோடு முன்வரிசையில் நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாட வந்திருந்தார்கள். ரப்பி இறந்தவர்களுக்கான பிரார்த்தனையைச் சொன்னார். துணை மேயர் பேசும்போது மைக் ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. சுவரில் கல், கல் மேல் நீலத் துணி, துணியிலிருந்து ஒரு கயிறு. வயலின்காரம்மா மார்கித் கைவிரல்களை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அதேல் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், கூட்டத்தோடு சேராமல் நின்றாள்.

ஹெர்மினா மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். பேச்சு தானாக வந்தது. இத்தனை வருஷம் சொன்ன பேச்சு, அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. "எனக்கு அஞ்சு வயசு. எங்கம்மாவை நவம்பர்ல நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. போறதுக்கு முன்னாடி அம்மா என்னைத் தூக்கிட்டு மூணாவது மாடிக்கு ஏறினாங்க. கதவைத் தட்டினாங்க. கதவைத் திறந்தது..."

மார்கித் வில்லைத் தூக்கினாள். துணை மேயர் கயிற்றைப் பிடித்தார். பாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு பெயருக்காகத் தெருவே மூச்சைப் பிடித்திருந்தது. அதைச் சொன்னால் துணி விழும், துணி விழுந்தால் மெலிட்டாவின் முகம் வரும். யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான் என்று ஹெர்மினாவுக்கு அப்போது தெரிந்தது. அந்தப் பெயர் போய்ச் சேரும் முகம் ஏற்கெனவே சுவரில் திருகாணி போட்டு இறுக்கியாகிவிட்டது.

"கதவைத் திறந்தது போட்னார் ரோஸாலியா," என்றாள்.

வயலின் வரவில்லை. கயிறு அசையவில்லை. துணை மேயர் தன் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"யாரு?" என்றாள் ரோமக் காலர் ஒருத்தி, காது கேட்காதவர்கள் பேசும் குரலில்.

"போட்னார் ரோஸாலியா. டாக்டரோட மொத சம்சாரம். சினிமாக்காரம்மா அப்புறம்தான் இந்த வீட்டுக்கு வந்தாங்க. எனக்கே போன வியாழக்கிழமைதான் தெரியும். அதுவரைக்கும் தப்பாச் சொல்லிட்டிருந்தேன். அவங்க பொண்ணு அதோ நிக்கறாங்க."

எல்லாரும் குப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பினார்கள். அதேல் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஹெர்மினா அடுத்த வாக்கியத்தைத் தேடினாள். மனப்பாடப் பேச்சு அந்த இடத்தோடு அறுந்துபோயிருந்தது, புதிதாக ஒன்றும் வரவில்லை. மைக்கை விட்டு நகர்ந்தாள்.

 ஒரு பிள்ளை தும்மியது. பழக்கதோஷத்தில் நாலு பேர் ஆரோக்கியம் சொன்னார்கள்.

"இழுங்க சார்," என்றாள் பிரோஷ்கா. "பசங்க நடுங்கறாங்க."

அவர் இழுத்தார். துணி விழுந்தது. கல்லில் பதித்த வெண்கலத்தில் தோர்தாய் மெலிட்டா, உதட்டோரம் சிகரெட், பாதி மூடிய கண். ஜனங்கள் கைதட்டினார்கள். துணி விழுந்தால் கைதட்டுவது வழக்கம். மார்கித்தும் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். ஹெர்மினாவும் கையுறையோடு தட்டினாள், சத்தம் வரவில்லை. அதேல் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கை பிடித்திருப்பது ஹெர்மினாவுக்குத் தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

பாச்சி கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் அதேலுக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"கைமுத்தம்மா. உங்கம்மாவோட போட்டோ ஏதாவது இருக்குங்களா?"

"ஒண்ணு இருக்குங்க. கசங்கி இருக்கும்."

"பரவாயில்லை." கொஞ்சம் தயங்கினார். "மெலிட்டாவைப் பத்தி அம்மா ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"நல்லாப் பாடுவாங்கன்னு சொல்லியிருக்காங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் சொன்னதில்லை."

அது போதும்போலப் பாச்சி தலையாட்டினார்.

மறுநாள் ஒரு பத்திரிகை, உணர்ச்சிவசப்பட்ட மூதாட்டி பெயரைத் தடுமாறிச் சொன்னதாக எழுதியது. இன்னொன்று எதுவும் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் கல்லைத் திருத்தத்துக்கென்று கழற்றிக்கொண்டு போனார்கள். திருத்தம் இன்னும் நடக்கிறது. சுவரில் நாலு ஓட்டை இருக்கிறது. வசந்தத்தில் ஓர் ஓட்டைக்குள் குளவி கூடு கட்ட, பிரோஷ்கா மூன்று ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தாள். குளவி இருந்ததை விட்டுவிட்டாள்.

திஹமேர் பாச்சி ஜூனில் கல்யாணம் செய்துகொண்டார். பெண் வேறு யாருமில்லை, வயலின் மார்கித். எழுபது வயதில் எதற்கு என்று கட்டடமே பேசியது. மாலையில் இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்தால் சூப் மிஞ்சுவதில்லை என்றார். சுவரிலிருந்த படங்களில் பாதியைக் கழற்றச் சொல்லிவிட்டாள் மார்கித். குதிரைப் படத்தை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

ஹெர்மினா செப்டம்பரில் எகருக்குப் போய்விட்டாள், அதேல் வீட்டுப் பின்னறைக்கு. இரண்டு பெட்டி, ஒரு ஜெரானியம். இங்கே அவள் வீட்டில் இப்போது ஒரு இளம் ஜோடி, நடைபாதையில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். அக்டோபரில் பிரோஷ்காவால் பொறுக்க முடியாமல் போன் போட்டாள். அந்தக் குளிர்காலம் ஏதாவது நினைவுக்கு வந்ததா நேனி, அந்தப் பொண்ணோட ஒரே வீட்டுல இருக்கீங்களே என்று கேட்டாள். இல்லை என்றாள் ஹெர்மினா. இங்கே திராட்சை பறிக்கிறார்கள், கை வேண்டியிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.